பொருள்வயிற் பிரிவும் மீட்சியும்

பொருள் தேடிப் பிரிதலை நம் அகநூல்கள் பொருள்வயிற் பிரிவு என்னும். பிரிந்த தலைவன் தான் குறித்த பருவத்தில் மீளல் வேண்டும் என்பது அதன் மரபு.

1885இல் மலாயாவின் தைப்பிங்கில் முதற் புகையிரதம் ஓடிற்று. அதன்பின் அந்நாட்டுப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்தார் பலர் அமர்ந்தனர். ஊரிற் கிடையாத சம்பளம் அவரை ஈர்த்தது. ஆயினும் அவர் ஊரை மறந்தாரல்லர். அவர் அனுப்பிய பணம் இங்கே கல்வீடாகவும் கோயிற்றிருப்பணியாகவும் பாடசாலைக் கட்டடமாகவும் எழுந்தது. இளைப்பாறியபின் ‘மலாயன் பென்சனியர்’ எனப் பெயர்பெற்று மீண்டோர் பலர். இளைப்பாற்றுச் சம்பளம் கடல் கடந்தும் வந்தமை அம்மீட்சியை எளிதாக்கிற்று.

அங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அந்நாடே தாய்நாடாயிற்று. அவர்பொருட்டுத் தங்கிவிட்டோரும் உளர்.

ஆதலின், மாணவர்களே, போவதா இருப்பதா என ஆராயும்போது, மீளுங்காலம் எது என்பதையும் புறப்படுமுன் துணிமின். பருவங் குறியாத பிரிவு பெரும்பாலும் குடிபெயர்வாய் முடியும்.