பத்து வினாடி பழைய கணக்கு

விண்டோஸ் 2003 சர்வரை ஓரங்கட்டிவிட்டுப் புதியதை நிறுவிய அலுவலகங்களில் விசித்திரமான புகார் ஒன்று கிளம்புவதுண்டு. ஒரு கவுண்டரில் போட்ட பில் பக்கத்துக் கம்ப்யூட்டரில் தெரியாது. தெரியாததால் அதே எண்ணில் இன்னொரு பில் விழும். சில வினாடி பொறுத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். உடனே சந்தேகம் கேபிள் மேலும், புது ஹார்டு டிஸ்க் மேலும் பாய்கிறது. ஆனால் கேபிள் கெட்டால் இணைப்பு அறுபடும், டிஸ்க் கெட்டால் ஃபைல் சிதையும். இரண்டுமே பழைய தகவலைப் பிசகில்லாமல் காட்டிவிட்டுத் தாமாகத் திருந்திக்கொள்ளாது. சர்வரில் தரவு சரியாகவே இருக்கிறது. கேட்கும் கம்ப்யூட்டர்தான், அதாவது கிளையண்ட்தான், அதனிடம் போகாமல், தன் நினைவில் இருப்பதையே எடுத்துக் கொடுக்கிறது.

இதற்குச் சான்று அந்தத் தாமதத்தின் அளவு. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு, விஸ்டாவோடும் சர்வர் 2008-ஓடும் வந்தது. அதில் ஃபைலின் அளவு போன்ற விவரங்களையும் ஃபோல்டர் பட்டியலையும் கிளையண்ட் 10 வினாடி வரை நினைவில், அதாவது கேஷில், வைத்திருக்கும். ஒரு ஃபைல் இல்லை என்ற பதிலை 5 வினாடி. பாக்ஸ்ப்ரோ போன்ற பழைய மென்பொருள்களோ, டேபிள் ஃபைலின் தலைப்பகுதியில் எத்தனை பதிவுகள் என்று எழுதிவைத்து, ஃபைலின் நீளத்தை நம்பி நடப்பவை. ஒருவர் ஒரு வரி சேர்த்த பிறகும் மற்றவருக்குப் பழைய நீளமே தெரிந்தால் அந்த வரி அவருக்கு இல்லாததுதான். கம்ப்யூட்டர்களைத் தொடவே இல்லையே என்பார்கள். தொட வேண்டியதில்லை. இரு முனையும் புதிய பதிப்பை அறிந்திருந்தால் அதிலேயே பேசும். இதுவரை பழைய சர்வர்தான் பேச்சைப் பழைய பதிப்பில் நிறுத்தி வைத்திருந்தது.

சோதிப்பதும் எளிது. சர்வரிலேயே, பகிர்வு வழியாக அல்லாமல் அதன் சொந்த டிஸ்க்கிலிருந்து, மென்பொருளை இரண்டு முறை திறந்து பார்க்கலாம். அங்கே கோளாறு வராவிட்டால் சந்தேகம் கேஷ் மேல் வலுக்கிறது. அடுத்து, கிளையண்ட்களின் ரெஜிஸ்ட்ரியில் அந்த மூன்று கால அளவுகளையும் பூஜ்யமாக்கலாம். பலர் சர்வரில் மாற்றிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். மாற்ற வேண்டியது ஒவ்வொரு கிளையண்டிலும். வேகம் குறையுமே என்றால், ஃபோல்டர்களைத் திறக்கையில் கொஞ்சம் குறையலாம். இரட்டை பில்லை அவிழ்க்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது பொருட்டே அல்ல. எஸ்எம்பியின் முதல் பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்ற யோசனையைத்தான் ஏற்க முடியாது: 2017 மே மாதம் வான்னாக்ரை ரேன்சம்வேர் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

இருபது ஆண்டு ஓடிய மென்பொருளை மாற்றுவதா என்ற கேள்வி நியாயமானது. விஷுவல் பாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் 2015-இலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. என்றாலும் நாளையே எறிய வேண்டியதில்லை. எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக சர்வரிலேயே இயக்கினால் இடையில் பகிர்வு இல்லை, இந்தக் கேஷும் இல்லை. லைசென்ஸ் செலவு உண்டு. தரவை முழுதாகத் தானே ஆளும் டேட்டாபேஸ் சர்வருக்கு மாறும்வரை இந்த ஏற்பாடு தாங்கும். எந்த வழியானாலும், ஏற்கெனவே விழுந்த இரட்டை எண்களைக் கேஷ் திருத்தம் சரிசெய்யாது. பேக்கப் எடுத்து, இண்டெக்ஸை மறுபடி உருவாக்கி, சர்வர் மாறிய நாள் முதலான பில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.