உல்லைக்கு ஓர் ஆற்றுப்படை

வழியறிந்தோன் வழியறியாதானுக்கு வழி கூறுதல் ஓர் அறம். அவ்வறத்தைத் தனியொரு இலக்கியத் துறையாகவே வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை அருள் வேண்டுவோனை முருகன்பால் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும், வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி உரைக்கும் முறையில் அமைந்தவை. எவ்வழி நல்வழி, எந்நிலத்து மக்கள் எவ்வுணவு அளித்து ஓம்புவர் என்றெல்லாம் அவை விரித்துரைக்கின்றன. கவிதையாகிய அவையே வழிநடைக் கையேடுகளாகவும் விளங்கின என்று கூறின் மிகையாகாது.

இத்துறை அண்மைக் காலத்தில் ஆங்கிலத்திலே புதுப்பிறவி எடுத்தது. 1972ஆம் ஆண்டில் டோனி வீலர், மோரீன் வீலர் என்னும் இளந்தம்பதியர் இலண்டனிலிருந்து புறப்பட்டு, ஆசியாவைத் தரைவழியே கடந்து அவுஸ்திரேலியாவை அடைந்தனர். குறைந்த செலவில் ஆசியாவைக் கடப்பது எங்ஙனம் என்று 1973இல் அவர்கள் வெளியிட்ட சிறுநூல், ‘லோன்லி பிளானட்’ என்னும் பெரும் வழிகாட்டி வரிசைக்கு வித்தாயிற்று. முதுகிலே ஒரு பை, கையிலே சிறு பணம், மனத்திலே நிறைந்த ஓய்வு ஆகிய மூன்றையும் முதலாகக் கொண்டு ஊர் ஊராகத் திரியும் இளைஞர் கூட்டத்துக்கு அத்தகைய நூல்களே ஆற்றுப்படைகள் ஆயின.

அவை ஓர் ஊரை எவ்வாறு மாற்றவல்லன என்பதற்குத் தாய்லாந்தின் வடமலைப் பகுதியிலுள்ள பாய் என்னும் சிற்றூர் நல்ல சான்று. சியங் மாய் நகரிலிருந்து 762 வளைவுகள் உடையதெனக் கணக்குச் சொல்லப்படும் மலைப்பாதை வழியே அதனை அடைதல் வேண்டும். ஆற்றங்கரையும் வயலும் வெந்நீரூற்றும் உடைய அமைதியான ஊர் அது. அவ்வமைதியைத் தேடிப் பயணிகள் வந்தனர், மேன்மேலும் வந்தனர், வரவர விடுதிகளும் கடைகளும் பெருகின. எதனை நாடி வந்தனரோ அதுவே அவர்தம் வரவால் தேய்ந்தது.

இத்தகைய ஊரைக் காண நாம் தாய்லாந்து செல்ல வேண்டுவதில்லை. சவளக்கடையிலிருந்து புறப்பட்டு, மாரி வெள்ளத்துக்குப் பேர்போன கிட்டங்கியைத் தாண்டிக் கல்முனையை அடைக. அங்கிருந்து தெற்கே திரும்பின், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். பாணர்தம் யாழினை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த மண் காரைதீவு. கண்ணகி கோயில் கொண்டுள்ள தம்பிலுவிலையும், திருக்கோவிலையும், கோமாரியையும் கடந்தால் பொத்துவில். அதனை அடுத்த களப்பின் பாலத்தைத் தாண்டியதும் உல்லை. அறுகம்குடா என்று உலகம் அறிந்திருப்பது இவ்வூரையே.

அயலார் அங்கு வருதற்குக் காரணம் கடலே. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கச்சான் காற்றுத் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தொலைவான தென்கடலிலே எழுந்த அலைத்திரள், குடாவின் முனையிலே வளைந்து, அக்காற்றினால் நிமிர்ந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி ஒழுங்காக உடைந்து செல்லும். அவ்வலையின் மீது பலகையூன்றி நின்று வழுக்கிச் செல்வதே அலைச்சறுக்கு விளையாட்டு. 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் போட்டியொன்றும் இங்கே நிகழ்ந்தது. வாடை பிறந்ததும் கடல் கலங்கும். பலகைகள் சுவரிற் சாயும். விடுதிகள் பல உறங்கும்.

எம்முடைய கவலை விளையாட்டைப் பற்றியதன்று, பெயரைப் பற்றியது. ‘விஸ்கி பொயின்ற்’, ‘பீனட் பாம்’, ‘எலிபன்ற் றொக்’ என்று வழிகாட்டி நூல்கள் வழங்கும் பெயர்களே இக்கரையிலே இன்று செலாவணியாகின்றன. வகுப்பிலே ஒரு நாள், உல்லை எங்குளது என்று வினவினேன், விடையளித்தோர் இருவர். அறுகம்குடா எங்குளது என்றதும் கைகள் பல உயர்ந்தன. ஆயினும் அங்குச் சென்று கண்டவர் மிகச் சிலரே. எழுபது கிலோமீற்றருக்கு உட்பட்ட ஊரை, எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்தவன் வழங்கும் பெயரால் அறிகின்றோம்.

பெயரில் என்ன உளது என்று இதனைத் தள்ளிவிடலாகாது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. பின்னர்க் கிழக்குக் கரையில் 200 மீற்றர் எல்லைக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு விதித்தது. சுற்றுலாவைப் பெருக்கும் திட்டமும் உடன் எழுந்தது. வள்ளம் இழுத்தேற்றவும் வலை உணக்கவும் வாடி அமைக்கவும் கரையையே நம்பிய மீனவர், ‘எமக்குக் கூடாத கரை விடுதிக்கு மட்டும் கூடுமோ?’ என்று கேட்டுக் கிளர்ந்தனர். கனடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலிலே அவர்தம் வழக்கை உலகறிய எடுத்துரைத்தார். அவ்விதி பின்னர்த் தளர்ந்தது. களப்பின் மீது புதிய பாலமும் 2008இல் திறக்கப்பட்டது. எனினும் அவ்வினா மறையவில்லை. ஏட்டிலே வெறும் விளையாட்டுக் கரையாக மட்டும் எழுதப்பட்ட இடத்திலே, உழைத்து வாழ்வோரின் உரிமை எளிதில் மறக்கப்படும்.

நடந்து நாடறிதல் நமக்குப் புதியதோ? இல்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காம அடியார், மூட்டையைத் தோளிலே சுமந்து, இக்கரையோரமாகவே நடந்து உல்லையையும் பாணமையையும் கடந்து உகந்தையை அடைவர். அங்கிருந்து குமண, யாலக் காடுகளை ஊடறுத்துச் செல்வர். அவர் சென்று சேரும் கதிர்காமத்திலே முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உண்டு. 1325இல் தன் இருபத்தோராம் வயதிலே தஞ்சியரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறினார். அவர் சொல்ல எழுதப்பட்ட நூலினாலன்றோ அக்காலத்து இலங்கையின் ஒரு பகுதியை இன்று நாம் அறிகின்றோம்? நடந்தவர் பல்லாயிரவர், எழுதுவித்தவர் பெயரே நிலைத்தது.

விருந்தினர் வரவை வெறுக்கச் சொல்லவில்லை. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்த மரபு நம்முடையது. வருவோர் ஊரின் ஒழுக்கத்தையும் உடைமுறையையும் மதித்தல் வேண்டும். ஊராரும் விருந்தினரை வெறும் பணப்பையாக எண்ணுதல் கூடாது. மேலும், ஒரு பருவத்தின் வருவாயையே நம்பியிருத்தல் இடருடையது. 2024 ஒக்டோபர் 23ஆம் நாள், அப்பகுதிக்குச் செல்லற்க என அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவருக்கு விடுத்த எச்சரிக்கை, அறுகம்குடாவின் பிழைப்பு எத்துணை மெல்லிய இழையிலே தொங்குகின்றது என்பதைக் காட்டிற்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையிலே மாணவரைச் சிறு குழுக்களாக இவ்வழியே அழைத்துச் செல்லுங்கள். பேருந்தில் சிறிது தூரம், நடையில் சிறிது தூரம். பையிலே மாற்றுடையோடு ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். ஒவ்வொரு களப்புக்கும் முனைக்கும் ஊரார் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதட்டும். கரைவலை இழுப்போரின் சொற்களையும், பாணமையிலே தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் வகையையும் எழுதட்டும். நாளை ஓர் அயல்நாட்டு இளைஞன் முதுகுப் பையோடு வந்து வழி கேட்பானாயின், அந்த ஏட்டைப் பார்த்து விடை சொல்லும் மாணவன் ஒருவனாவது ஊருக்கு ஒருவன் இருத்தல் வேண்டும்.