கொசு நின்றது, காற்று ஏன் நின்றது?

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “டெங்கு பயத்தில் போன வருடம் ஜன்னல், வாசல் கதவு எல்லாவற்றுக்கும் கொசுவலை அடித்தோம். கொசு நின்றது. கூடவே காற்றும் நின்றுவிட்டது. வலையைக் கையில் பிடித்துப் பார்த்தால் பெரும்பகுதி ஓட்டைதான். அப்படியிருக்க, காற்று ஏன் வரமாட்டேன் என்கிறது? வலை போட வந்தவர் சிட்-அவுட்டையும் சுற்றி அடைத்துவிடலாம் என்கிறார். வலைக்கு மேல் வலை போட்டால் இருக்கிற காற்றும் போய்விடாதா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிட்-அவுட்டைத் தாராளமாக அடையுங்கள். ஆனால் அடைத்த கையோடு, சிட்-அவுட்டுக்குள் திறக்கிற கதவிலும் ஜன்னலிலும் இருக்கும் வலையைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக்குள் வருகிற காற்று இப்போதைவிடக் கூடும். வலையின் பரப்பு கூடினால் காற்றும் கூடும் என்பது நம்பச் சிரமமான விஷயம்தான். அது ஏன் என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கொசுவலை ‘18-க்கு 16’ வகை. ஓர் அங்குலத்தில் ஒரு திசையில் 18 இழை, மறு திசையில் 16 இழை. இழையின் பருமன் சுமார் 0.28 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ 1.1 மி.மீ.க்கு 1.3 மி.மீ. வலைப் பரப்பில் 66 சதவீதம் வெறும் திறப்பு. வாசகியின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு திறந்திருக்கிறது என்றால் மூன்றில் இரண்டு பங்கு காற்று வர வேண்டும். நடப்பதோ வேறு. மாலையில் வீசும் மெல்லிய காற்று அதைவிடக் கூடுதலாக அடிபடுகிறது. புயல் காற்று அவ்வளவு அடிபடுவதில்லை.

காரணம், இழையின் பருமன் காற்றுக்குத் தெரிவதும் நம் கண்ணுக்குத் தெரிவதும் ஒன்றல்ல. எந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டு ஓடினாலும், தொடும் இடத்தில் காற்று ஓடுவதில்லை, நின்றுவிடுகிறது. நின்ற காற்று தன் பக்கத்துக் காற்றை இழுத்துப் பிடிக்கிறது; அது அடுத்ததை. நம் பாடநூல் இதைப் ‘பாகுநிலை’ என்கிறது. அருமையான சொல். வெல்லப்பாகில் விரலை விட்டு எடுத்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். நமக்குக் காற்று பாகாகத் தெரிவதில்லை, ஏனென்றால் நாம் பெரியவர்கள். கால் மில்லிமீட்டர் இழைக்கு, அதுவும் மெதுவாக வருகிற காற்று, ஏறக்குறையப் பாகுதான். காற்று மெதுவாக வர வர இழையைச் சுற்றித் தயங்கி நிற்கும் படலம் தடிக்கிறது. மாலைத் தென்றலில் அந்தப் படலம் இழையின் பருமனோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிடும். கண் 1.1 மி.மீ. அகலம்தான். இருபுறமும் இழைகள் ஆளுக்கொரு படலத்தைப் போர்த்திக்கொண்டால், தடையில்லாமல் ஓட நடுவில் மிஞ்சும் பாதை எவ்வளவு என்று பாருங்கள்.

கல்யாண மண்டப வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் பன்னீர்ச் சொம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டோடு வரவேற்க ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள்தான் இழைகள். நிதானமாக வருகிற விருந்தாளிகளில் ஓரமாக வருபவர் நின்று சந்தனம் எடுத்துக்கொள்கிறார், நலம் விசாரிக்கிறார். அவருக்குப் பக்கத்தில் வந்தவரும் மரியாதைக்காகத் தயங்குகிறார். பெண்ணுக்கு அத்தை முறை ஆகிறவர் கிண்ணத்தருகே நின்றேவிடுகிறார். இழையை ஒட்டிய காற்று அந்த அத்தைதான். வாசல் அகலம் பத்தடி, ஆனால் நடந்து போக வழி நான்கடி. இதே வாசலில் முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினால், தோளை உரசிக்கொண்டு போகிற ஒருவர் இருவருக்குத்தான் பன்னீர். மற்றவர்கள் அப்படியே உள்ளே போய்விடுகிறார்கள். புயல் காற்று அந்த பஸ் கூட்டம்.

இப்போது மண்டபத்துக்கு ஒன்றுக்கு நாலு வாசல் வைப்போம். வாசலுக்கு வாசல் பன்னீரும் சந்தனமும் உண்டு. வரவேற்பு ஆட்கள் நாலு மடங்கு. உபசாரமும் நாலு மடங்கு. ஆனாலும் பந்திக்குள் ஆட்கள் முன்னைவிடச் சுலபமாக வந்து சேர்வார்கள். ஒரு வாசல் வழியாக நூறு பேர் முண்டியடித்த இடத்தில் இப்போது வாசலுக்கு இருபத்தைந்து பேர். அவர்கள் நின்று சந்தனம் பூசிக்கொண்டு வந்தாலும் பின்னால் யாரும் தேங்குவதில்லை.

சிட்-அவுட் வலை செய்வதும் இதுவே. வாசல் கதவின் பரப்பு சுமார் 20 சதுர அடி. பத்தடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள சிட்-அவுட்டின் முன்பக்கம் மட்டும் 80 சதுர அடி. வீட்டுக்குள் அதே அளவு காற்று போக வேண்டுமென்றால், கதவு வலையைக் கடந்த வேகத்தில் கால் பங்கு வேகத்தில் முன்பக்க வலையைக் கடந்தால் போதும். வலையில் காற்று இழக்கும் அழுத்தம் வேகத்தோடு சேர்ந்து குறைகிறது. மிக மெதுவான காற்றில் வேகத்துக்கு நேர்விகிதமாக, வேகமான காற்றில் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதமாக. ஆக இழப்பு முன்பு இருந்ததில் நாலில் ஒன்றுக்கும் பதினாறில் ஒன்றுக்கும் இடையே எங்கோ வந்து நிற்கும். பக்கவாட்டு வலைகளையும் சேர்த்தால் இன்னும் குறையும். பசுமைக்குடில் கட்டுபவர்களுக்கு இது பழகிய பாடம். பூச்சி புகாமல் நெருக்கமான வலை போடும்போது, காற்று குறையாதிருக்க வலையின் பரப்பைக் கூட்டுகிறார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே வரும் காற்றுக்கு வெளியே போக வழி வேண்டும். பின்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு முன்பக்க வலையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பின் ஜன்னல் வலையையும் கழுவி வையுங்கள். நகரத்துத் தூசியும் சமையலறைப் பிசுக்கும் சேர்ந்து 0.28 மி.மீ. இழையை 0.4 மி.மீ. ஆக்கிவிட்டால், 66 சதவீதத் திறப்பு 54-க்கு இறங்கிவிடும். “வலை போட்ட புதிதில் நல்ல காற்று வந்தது” என்று பலர் சொல்வது பிரமையல்ல. சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.

வரலாறு சுருக்கமாக. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் சல்லடைக்குக் கம்பி வலை நெய்துகொண்டிருந்த ஆலை ஒன்று, 1861இல் உள்நாட்டுப் போர் வந்து தென்மாநில வியாபாரம் நின்றதும், தேங்கிய சரக்குக்குச் சாயம் பூசி ஜன்னல் வலையாக விற்றது. அப்போது அது ஈயை விரட்டும் வசதி, அவ்வளவுதான். 1897இல் சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகுதான் வலை மருத்துவமானது. 1900இல் ரோம் நகருக்கு வெளியே, மலேரியாவுக்குப் பேர்போன சதுப்பு நிலத்தில், சாம்பன், லோ என்ற இரு மருத்துவர்கள் வலையடித்த குடிசையில் காய்ச்சல் பருவம் முழுவதும் தங்கினார்கள். பகலில் ஊர் சுற்றிவிட்டு, பொழுது சாயும்முன் உள்ளே வந்துவிடுவார்கள். மலேரியா அவர்களுக்கு வரவில்லை.

டெங்குவுக்கு இந்த ‘பொழுது சாயும்முன்’ உதவாது. ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலையிலும் அதற்கு வேகம் அதிகம். இரவில் கட்டிலுக்குக் கட்டும் வலை பகல் கொசுவைத் தடுக்காது. வீட்டையே வலைக்குள் கொண்டுவருவதன் அருமை இங்கேதான். காம்பியாவில் வீடுகளுக்கு வலையடித்து நடத்திய ஆய்வு 2009இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கதவு, ஜன்னல், கூரை இடுக்கு எல்லாம் அடைத்த வீடுகளில் மலேரியாக் கொசுக்கள் சுமார் 59 சதவீதம் குறைந்தன. குழந்தைகளின் ரத்தசோகையும் குறைந்தது. கவனியுங்கள், முழுதாக அடைத்தும் கொசு பூஜ்யமாகவில்லை. ‘நூறு சதவீதப் பாதுகாப்பு’ என்று அச்சடித்த விளம்பரத் தாளை அந்த எண்ணோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.

விளம்பரங்கள் இன்னொன்றும் சொல்கின்றன: வலை தூசையும் மாசையும் வடிகட்டுமாம். மாசுக் கணக்கில் அடிபடும் நுண்துகளின் விட்டம் இரண்டரை மைக்ரான். வலைக்கண் 1,100 மைக்ரானுக்கு மேல். பத்தடி வாசலில் ஒரு கொண்டைக்கடலை உருண்டு வருகிற விகிதம் இது. சாதாரணக் கொசுவலை அதைத் தடுக்காது. ‘நானோ’ என்ற சொல்லைப் பார்த்தால் இரண்டு எண்களைக் கேளுங்கள்: கண்ணின் அளவு எவ்வளவு, இழையின் பருமன் எவ்வளவு. கண் அதே 1.1 மி.மீ. இருக்க, இழை மட்டும் 0.15 மி.மீ. என்றால் திறப்பு 78 சதவீதம். அது உண்மையான முன்னேற்றம், அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். இரண்டு எண்ணும் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். ஸ்கேலை வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று நீங்களே எண்ணிவிடலாம்.

நிறம் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை இழை வெயிலைச் சிதறடித்துக் கண்ணை மறைக்கும். கறுப்பு வலை வழியே தெரு தெளிவாகத் தெரியும். ஃபைபர் வலை மலிவு, ஆனால் அணில் கடித்துவிடும். ஸ்டீல் வலையை அணில் கடிக்காது. கடலோரத்திலோ சாதாரண 304 வகை உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், 316 தாங்கும்.

இனி கொசுவின் பக்கம். நாம் வெளிவிடும் மூச்சின் கரியமில வாயு வலையைத் தாண்டி வெளியே போகிறது. அதை மோப்பம் பிடித்து, வாசனை வரும் திசையில் காற்றை எதிர்த்துப் பறந்து வருவது கொசுவின் வழி. வலையில் வந்து அமரும். இடுக்கு கிடைக்கும்வரை காத்திருக்கும். கதவுக்கடியில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் அது நாலு வலைக்கண்ணை ஒன்றாக அறுத்து, கதவின் அகலம் முழுக்க நீட்டியதற்குச் சமம். அங்கே பிரஷ் பட்டை அடியுங்கள். தரையில் மழைத்தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் துளைக்கும் வலை வேண்டும். வலைக்கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறந்தால், வலையில் உட்கார்ந்திருக்கும் கொசுக்களை நாமே உள்ளே தள்ளிக்கொண்டு வருவோம். உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு மின்விசிறியும் மாட்டுங்கள். தப்பி வந்த ஒன்றிரண்டு கொசுவும் அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்கச் சிரமப்படும், மூச்சின் வாசனையும் கலைந்துபோகும்.

வாசகிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. சிட்-அவுட்டில் பூந்தொட்டிகள் இருக்கும் என்றே நினைக்கிறேன். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வலைக்குள்ளே பிறந்த கொசுவுக்கு வெளியே போக வழியில்லை, கடிக்க இருப்பது உங்கள் வீட்டுக்காரர்கள் மட்டுமே. வலைக்காரரை வரச் சொல்வதற்கு முன்பு அந்தத் தட்டுகளை எடுத்து, தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தை நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.