மீன் இல்லாத நாளிலும் வலிமை உண்டு

"இன்று மீன் ஆணம் இல்லை, வெறும் பருப்புதான். உடம்பில் தெம்பு எங்கிருந்து வரும்?" பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு போன்ற ஊர்களில், இக்கவலை புதிதன்று. 'பாடு' என்னும் வழக்கப்படி முறைவைத்து வலையிடும் ஏரி இது. முறை வராத நாளிலும் மீன் படாத நாளிலும் சட்டி வெறுமையாகும்.

மீனும் இறைச்சியும் நமக்கு ஆகுமானவை. அவற்றை விலக்குமாறு யாம் கூறவில்லை. ஆயினும், அவையின்றி வலிமையில்லை என்பது தவறான எண்ணம். மும்பையைச் சேர்ந்த மலையேறுநர் குந்தல் ஜோய்ஷர் இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றிப் பாலையும் தவிர்ப்பவர். 2016ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் அவர் 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரத்தை எட்டினார்.

உடல் வேண்டுவது புரதம். வேர்க்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. வேகவைக்காத பருப்பில் 20 கிராமுக்குக் குறையாது. அரிசிப் புரதத்தின் குறையைப் பருப்பும், பருப்பின் குறையை அரிசியும் நிரப்புகின்றன. கீரையுடன் எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும்.

ஒன்றை மறத்தலாகாது. 'பி12' வைட்டமினைத் தாவர உணவிலிருந்து போதிய அளவு பெற இயலாது. அது குறைந்தால் இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் நேரும். மீன், முட்டை, பால் அனைத்தையும் அறவே விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை உட்கொள்ள வேண்டும்.

தாய்மார்களே! மீன் இல்லையென்று வெறுஞ்சோற்றோடு பிள்ளைகளை அனுப்பிவிடாதீர்கள். ஒரு கரண்டி பருப்பும் ஒரு கைப்பிடி கடலையும் சேருங்கள். அதுவும் அல்லாஹ் அளித்த ரிஸ்க்கே!