ஒரு ஆள், மூணு ஊரு

டீயைக் குடிங்கண்ணே, சொல்றேன். ஒரே போன்ல மூணு ஐடி வெச்சிருக்கான்னா உங்க பையன் யாரையோ ஏமாத்துறான்னு அர்த்தமில்ல. அவன் ஆடுறது கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். பின்லாந்துல இருக்கிற சூப்பர்செல் கம்பெனி 2012-ல கொண்டு வந்த ஆட்டம். ஊரு கட்டணும், மதில் எழுப்பணும், அடுத்தவன் ஊரைத் தாக்கணும். கட்டுற வேலைக்கு பில்டர்னு ஆளுங்க உண்டு, ஆரம்பத்துல ரெண்டே பேரு. ஊரு பெருசாக ஆக, ஒரு பீரங்கியைப் பலமாக்கவே நாள்கணக்குல இழுக்கும். பில்டர் எல்லாரும் வேலையில இருந்தா புதுசா எதுலயும் கை வைக்க முடியாது. காசு கட்டினா சட்டுனு முடியும். காசில்லாத பையன் இன்னொரு ஐடி போட்டு இன்னொரு ஊரைத் தொடங்குவான்.

உப்பளத்துல நீங்க செய்யறதுதாண்ணே. ஒரு பாத்தியில உப்பு விளையட்டும்னு கரையில உக்காந்தா இருக்கீங்க? அடுத்த பாத்திக்குத் தண்ணி திருப்பப் போயிடுறீங்க இல்ல?

இன்னொரு லாபமும் இருக்கு. மூணு ஐடியும் ஒரே கிளான்ல, அதாவது ஒரே கூட்டணியில இருந்தா, ஒரு ஊர்லேருந்து இன்னொரு ஊருக்குப் படை அனுப்பிக்கலாம். நடு ராத்திரியில "ட்ரூப்ஸ் குடுங்கடா"ன்னு எவனையும் கெஞ்ச வேணாம். கிளான் போர்ல ஐடிக்கு ரெண்டு அட்டாக், அப்ப இவன் கையில ஆறு. ஒரு ஐடியிலேருந்து இன்னொண்ணுக்கு மாற கம்பெனியே செட்டிங்ஸ்ல வழி வெச்சிருக்கு.

தகராறு வேற இடத்துல. கம்ப்யூட்டர்ல அஞ்சு ஜன்னல் திறந்து, ஒரு கீயை அழுத்தினா அஞ்சுலயும் அழுந்துற மாதிரி சாஃப்ட்வேர் உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆட்டத்துல முன்னாடி ஒரே ஆளு அஞ்சு மந்திரவாதியை இப்படி நடத்துவான். அஞ்சு மின்னலும் ஒரே நொடியில விழும், எதிராளி திரும்பறதுக்குள்ள செத்துருப்பான். மூலிகை, தாது பொறுக்குறதும் அப்படித்தான். ஒருத்தன் அஞ்சு பங்கு அள்ளி சந்தையில கொட்டினா, நாள் பூரா தனியா பொறுக்கினவனுக்கு விலை கிடைக்காது. ஈவ் ஆன்லைன்ங்கிற ஆட்டத்தை நடத்துற கம்பெனி இந்த சாஃப்ட்வேரை 2015 ஜனவரியிலேருந்து தடை பண்ணுச்சு. வார்கிராஃப்ட் நடத்துற பிளிஸார்ட் 2020 நவம்பர்ல தடுத்தது. பல அக்கவுண்ட் வெச்சிக்கிறதை ரெண்டு கம்பெனியும் தடுக்கல. கோடு போட வேண்டிய இடமும் அதுதான்னு நான் நினைக்கிறேன். எத்தனை ஐடி வேணா இருக்கட்டும், ஒவ்வொண்ணையும் அவன் கையாலயே ஆடணும்.

பணத்தைப் பந்தயம் வெச்சு ஆடுறது வேற கதைண்ணே. அதுக்குத்தான் நம்ம தமிழ்நாடு அரசாங்கம் 2025-ல ஆதார் காட்டணும்னும், ராத்திரி பன்னெண்டுலேருந்து காலைல அஞ்சு வரைக்கும் உள்ளேயே போகக்கூடாதுன்னும் விதி போட்டது. அதே வருஷம் ஆகஸ்ட்ல மத்திய அரசு காசு வெச்சு ஆடுற ஆட்டத்தையே தடை பண்ணிடுச்சு. உங்க பையன் ஆடுறது அந்த ரகமில்ல.

நீங்க பாக்க வேண்டியது ஒண்ணுதான். நல்லா வளர்ந்த ஊரை ஐயாயிரம், பத்தாயிரம்னு விக்க ஆளு வருவாங்க. ஐடியை விக்கிறதும் வாங்குறதும் சூப்பர்செல் விதிப்படி தப்பு, தெரிஞ்சா முடக்கிடுவாங்க. முடக்காட்டியும், வித்தவன் பழைய விவரத்தைக் காட்டி "என் ஐடி தொலைஞ்சுபோச்சு"ன்னு கம்பெனிக்கிட்ட கேட்டு திரும்ப வாங்கிக்கலாம். குடுத்த காசை யார்கிட்ட போய்க் கேக்குறது? அந்த மூணுல விலைக்கு வாங்கினது ஏதாவது இருக்கான்னு மட்டும் அவன்கிட்ட கேட்டுடுங்க.