200 கிலோமீட்டர் சைக்கிள் சவாரி: உங்கள் ஊர்ப் பக்கம் எங்கே, எப்போது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் முதல் மாதத்தில் ரயில் டிக்கெட் எடுக்கிறார்கள், மின்கட்டணம் கட்டுகிறார்கள், பழைய சினிமாப் பாட்டுகளைத் தேடிக் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு, "வேறு என்னதான் இதில் தேடுவது?" என்று கேட்கிறார்கள். சைக்கிள் ஓட்டும் ஆசை உள்ளவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டும் சவாரிகள் நம் ஊர்ப் பக்கமே முறையாக நடக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க இன்டர்நெட் இணைப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும். பொறுமை எதற்கு என்பதற்கு என் கதையையே சொல்கிறேன்.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எஞ்சினியர். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலி வந்த பிறகுதான் சைக்கிள் வாங்கினேன். ஒரு நாள் 200 கிலோமீட்டர், சைக்கிள், சென்னை என்ற சொற்களை ஆங்கிலத்தில் கொடுத்து கூகுளில் தேடினேன். முதல் பக்கத்திலேயே ஒரு சவாரி அறிவிப்பு வந்தது. தேதியும் மாதமும் இருந்தன. காலண்டரைப் பார்த்தால் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை. பதிவு செய்யும் பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. சரி, நேரில் பணம் கட்டிக்கொள்ளலாம் என்று நானாகவே முடிவு செய்து, அதிகாலை 5 மணிக்குத் தொடங்கும் இடத்தில் போய் நின்றேன். யாருமே இல்லை. எதிரே டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "போன வருஷம் வந்தாங்க தம்பி, ஒரு அம்பது சைக்கிள் இருக்கும். இந்த வருஷம் யாரும் வரலையே!"

வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்தப் பக்கத்தில் ஆண்டு என்பதே எங்கும் இல்லை. சென்ற ஆண்டு அதே தேதி சனிக்கிழமையாக இருந்திருக்கிறது. பொறியியல் படித்தவன் செய்கிற வேலையா இது என்று அம்மா கேட்டது தனிக்கதை.

தவறு கூகுளுடையது அல்ல. தேடுதல் சாதனங்கள் நாம் கொடுத்த சொற்களுக்கு எது பொருத்தம் என்றுதான் முக்கியமாகப் பார்க்கின்றன. பல பேர் பார்த்த பழைய பக்கம், நேற்று போட்ட புதிய அறிவிப்பை முந்திக்கொண்டு மேலே வந்து நிற்கலாம். இதற்கு ஒரு வழி உண்டு. தேடிய பின், தேடல் கட்டத்திற்குக் கீழே உள்ள வரிசையில் டூல்ஸ் என்பதைக் கிளிக் செய்திடவும். 'எனி டைம்' என்று ஒரு மெனு கிடைக்கும். அதில் 'பாஸ்ட் இயர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய குப்பை பெருமளவு வடிகட்டப்படும். முழுவதும் அல்ல. எனவே பக்கத்தைத் திறந்ததும் முதலில் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

சரியான சொல் எது?

அடுத்த சிக்கல், நாம் கொடுக்கும் சொல். வெறுமனே சைக்கிள் ரைடு என்று கொடுத்தால் மோட்டார் சைக்கிள் சுற்றுலா, வீடியோ, விற்பனை எல்லாம் கலந்து வரும். இந்தச் சவாரிகளுக்கு உலகம் முழுவதும் ஒரே பெயர் இருக்கிறது: பிரெவே. பிரெஞ்சுச் சொல். நம்மவர்கள் எழுத்தைப் பார்த்து 'பிரெவெட்' என்பார்கள். டைப் செய்யும்போது பி, ஆர், இ, வி, இ, டி என்று ஆறு எழுத்து. (முதல் எழுத்து பஸ்ஸுக்கு வரும் பி.) இதனுடன் 200 என்ற எண்ணையும் உங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பிரெவே என்பது பந்தயம் அல்ல. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் மரியாதை ஒன்றுதான். குறித்த நேரத்திற்குள் முடித்தால் போதும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. விதிகள் பாரீசில் 1904-ல் தொடங்கப்பட்ட ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற அமைப்பினுடையவை. இந்தியாவில் அதன் சார்பில் இவற்றை நடத்துவது ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ். ஆடாக்ஸ் என்பதை ஏ, யு, டி, ஏ, எக்ஸ் என்று டைப் செய்து, பக்கத்தில் இந்தியா என்று சேர்த்துத் தேடினால் அவர்களது தளம் கிடைத்துவிடும். அங்கே ஒரு கேலண்டர் இருக்கிறது. எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், எந்தத் தேதி என்று பார்க்கலாம். நான் முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம் இதுதான். அங்கிருந்து உங்கள் பகுதிக் கிளப்பின் பக்கத்திற்குப் போகலாம். பணம் கட்டுவதாக இருந்தால் இந்த வழியாகவே போய்க் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய எண்ணுக்கு அனுப்ப வேண்டாம்.

ஒரு நாளில் முடிகிறது என்றால் முதல் முறைக்காரருக்கு 200-தான். 300 கிலோமீட்டர் காலை 6 மணிக்குத் தொடங்கினால் மறுநாள் அதிகாலை 2 மணி வரை இழுக்கும். 200, 300, 400, 600 நான்கையும் ஒரே பருவத்தில் முடிப்பவருக்கு சூப்பர் ராண்டனர் என்று பெயர். பருவம் நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பிரான்சில் நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சவாரிக்குப் போக இந்தத் தகுதி தேவை. 1891-ல் முதன்முதலில் நடந்த அது, 2023-லும் நடந்தது. அதெல்லாம் நமக்கு இப்போது வேண்டாம்.

பக்கத்தை முழுவதும் படியுங்கள்

சரியான தேதியில், சரியான இடத்தில் என் முதல் 200-ஐத் தொடங்கினேன். காலை 6 மணி. கையில் பிரெவே கார்டு என்று ஒரு அட்டை. வழியில் 'கன்ட்ரோல்' என்று சில இடங்கள் வரும். அங்கே அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஆள் இல்லாத கன்ட்ரோல்களில் கடை ரசீதோ ஏ.டி.எம். சீட்டோ சாட்சி. இரவு ஏழரை வரை நேரம் இருக்கிறதே என்று, வழியில் பொங்கல் வடை, இளநீர், போட்டோ என்று நிதானமாகப் போனேன். பாதி தூரத்தில், 100-வது கிலோமீட்டரில் ஏ.டி.எம். சீட்டை எடுத்தால் மணி 12.52. அந்தக் கன்ட்ரோல் 12.40-க்கே மூடிவிட்டது!

ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் தனித்தனியாக மூடும் நேரம் உண்டு என்பது கிளப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் படித்தது முதல் பத்தியை மட்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற கணக்குதான் அது. எக்ஸெல் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஏ2 செல்லில் கன்ட்ரோலின் தூரத்தை அமையுங்கள், உதாரணமாக 100. பி2 செல்லில் சமக்குறி போட்டு, ஏ2 வகுத்தல் 15 வகுத்தல் 24 கூட்டல் 0.25 என்று கொடுத்து என்டர் தட்டவும். எக்ஸெல் ஒரு முழு நாளை 1 என்று எண்ணுகிறது. எனவே 0.25 என்றால் காலை 6 மணி. மணிக்கணக்கை நாள் கணக்காக்கத்தான் 24-ஆல் வகுக்கிறோம். விடை 0.5278 என்று வந்தால் பயப்பட வேண்டாம். அந்தச் செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் சென்று டைம் என்று மாற்றினால் 12.40 என்று காட்டும். 60 கிலோமீட்டருக்குள் வரும் கன்ட்ரோலுக்குக் கணக்கு சற்று வேறு. கடைசி இடத்திற்குப் பதின்மூன்றரை மணி நேரம்தான். இந்த இரண்டுக்கும் கிளப் கொடுத்த நேரத்தையே எழுதிக்கொள்ளுங்கள்.

என் கதை அங்கே முடியவில்லை. வெயிலில் சோர்ந்து, சைக்கிளை ஒரு மினி லாரியில் ஏற்றி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். போன் சைலன்ட்டில். இரவு 9 மணிக்கு எழுந்தால் 14 மிஸ்டு கால். சவாரியை நடத்தியவர்கள், சம்பளம் இல்லாமல் விடுமுறை நாளைக் கொடுத்து வருகிறவர்கள், ஏழரை மணி வரை காத்திருந்துவிட்டு என்னைத் தேடிக் காரில் நெடுஞ்சாலையில் போயிருக்கிறார்கள். திரும்ப அழைத்தபோது அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "முடிக்கலைன்னா ஒண்ணும் தப்பில்ல தம்பி. ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றார். அந்த எண்ணும் அதே பக்கத்தில்தான் இருந்தது, விலகுபவர்கள் உடனே தெரிவிக்கவும் என்ற வரியோடு.

பக்கத்தில் ஜி.பி.எக்ஸ். என்று ஒரு பைலும் கொடுத்திருப்பார்கள். டபுள் கிளிக் செய்தால், எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கும். நோட்பேடில் திறந்தால் எண்களாகக் கொட்டும். பைல் கெட்டுவிடவில்லை. வழியில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை அது. சென்னை என்றால் 13, 80 என்று தொடங்கும் எண்கள் வரும். கூகுள் எர்த் ப்ரோவை (இலவசம்தான்) நிறுவி, அதில் பைல் மெனு சென்று ஓப்பன் கிளிக் செய்து, பைல் வகையில் ஜி.பி.எஸ். என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே எண்கள் சாலையின் மேல் கோடாக விரியும். எங்கே ஊர் வருகிறது, எங்கே வெறும் பொட்டல் என்று வீட்டிலிருந்தே பார்த்து, தண்ணீருக்கு எங்கே நிற்பது என்று குறித்துக்கொள்ளலாம். ஏற்றம் எவ்வளவு என்பதையும் கவனியுங்கள். சமவெளி 200-ம் மலை ஏறும் 200-ம் கேலண்டரில் ஒரே எண்ணாகத்தான் தெரியும். ஹெல்மெட், முன் பின் விளக்கு, ஒளிரும் மேலாடை பற்றிய விதிகளையும் அங்கேயே படித்துவிடலாம்.

அடுத்த 200-ஐ 12 மணி 50 நிமிடத்தில் முடித்தேன். எக்ஸெல் அட்டவணையை அச்செடுத்து ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்தேன்.

கிளப் பக்கத்தில் இருக்கும்போதே கன்ட்ரோல் கீயுடன் டி அழுத்தி புக்மார்க் செய்துகொள்ளுங்கள். சவாரிக்கு முந்தைய இரவு அதைத் திறந்து எஃப்5 தட்டிப் புதுப்பித்துப் பார்க்கவும். மழை, சாலை வேலை என்று தொடங்கும் இடமோ வழியோ மாறியிருக்கலாம்.