கைக்கு எட்டாத புதையல்கள்

சினிமா பேசத் தொடங்கிப் பத்து ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில், அமெரிக்க நாட்டுச் சிற்றூர்களிலே சனிக்கிழமைப் பகற்காட்சிக்குத் திரள் திரளாகச் சென்ற சிறுவர்கள், அன்றைய பிரதானப் படத்தைப் பார்ப்பதற்காக மட்டும் செல்லவில்லை. அதற்கு முன்னால் ஏறக்குறைய இருபது நிமிஷம் ஓடும் தொடர்ப்படத்தில், சென்ற வாரம் மலைச்சரிவில் வண்டியோடு உருண்டு விழுந்த வீரன் எப்படி உயிர் தப்பினான் என்பதை அறிந்துகொள்ளாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. ரிபப்ளிக், யூனிவர்சல், கொலம்பியா ஆகிய கம்பெனிகள் பன்னிரண்டு முதல் பதினைந்து அத்தியாயங்களாக இத்தகைய தொடர்ப்படங்களைத் தயாரித்து வாரந்தோறும் அனுப்பிவந்தன. வாரப் பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்த நாட்களில், இதழ் வந்து சேருமுன் வாசலில் காத்து நின்ற நம் வாசகர்களுக்கு அந்தச் சிறுவர்களின் தவிப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நம் தொடர்கதைக்குக் கிடைத்த கௌரவம் அந்தத் தொடர்ப்படங்களுக்குக் கிடைக்கவில்லை. குறைந்த செலவில், அவசர அவசரமாக எடுக்கப்பட்ட சிறுபிள்ளைச் சரக்கு என்று விமரிசகர்கள் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தொலைக்காட்சி வந்தவுடன் அவை மங்கி, 1956 இல் அடியோடு நின்றுபோயின.

அவ்வாறு மறைந்துபோன ஒரு கலை வடிவத்தை, அதன் அவசரத்தையும் மலிவையும் களைந்துவிட்டு, அதன் உயிரை மட்டும் காப்பாற்றி, உலக சினிமாவின் முதல் வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்ததுதான் இண்டியானா ஜோன்ஸ் படங்களின் பெரும் சாதனை என்பது என் அபிப்பிராயம்.

1977 ஆம் ஆண்டு மே மாதம், ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியான சமயத்தில், அதன் சிருஷ்டிகர்த்தாவான ஜார்ஜ் லூகாஸ், படம் என்ன ஆகுமோ என்ற கவலையிலிருந்து விலகியிருக்க ஹவாய்த் தீவுக்குச் சென்றிருந்தார். அங்கே அவரோடு சேர்ந்துகொண்டவர் நண்பர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். தமக்கு ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் எடுக்க ஆசை என்று ஸ்பீல்பெர்க் சொல்ல, அதைவிட மேலான ஒன்று தம்மிடம் இருக்கிறது என்று கூறி, புராதனப் பொருள்களைத் தேடி அலையும் ஒரு பேராசிரியரின் கதையை லூகாஸ் விவரித்தாராம். இண்டியானா என்பது லூகாஸ் வளர்த்த நாயின் பெயர். முதலில் சூட்டிய ஸ்மித் என்ற குடும்பப் பெயர் ஸ்பீல்பெர்க்குக்குப் பிடிக்காமற்போகவே அது ஜோன்ஸ் ஆயிற்று. மறு ஆண்டு ஜனவரியில் இருவரும் லாரன்ஸ் காஸ்டன் என்ற இளம் எழுத்தாளரோடு பல நாள் அமர்ந்து, காட்சி காட்சியாகப் பேசிக் கதையை உருவாக்கினார்கள். வேடத்துக்கு முதலில் தேர்வானவர் டாம் செலக்; தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ஒப்பந்தம் அவரை விடவில்லை. அந்த நிர்ப்பந்தத்தினால்தான் ஹாரிஸன் ஃபோர்ட் வந்து சேர்ந்தார். இன்று வேறொரு முகத்தை அந்தத் தொப்பியின் கீழ் கற்பனை செய்து பார்க்கவும் மனம் இசையவில்லை.

1981 ஜூன் 12 இல் வெளிவந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ அவ்வாண்டு அமெரிக்காவில் வசூலில் முதலிடம் பெற்றது. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரை வரைக்கும் சென்றது. கலை, படத்தொகுப்பு, ஒலி முதலிய தொழில்நுட்பத் துறைகளில் பரிசுகளை வென்றது. ஆயினும் வசூலையும் பரிசையும் பற்றிப் பேசுவதைவிட, அது எப்படிச் செய்யப்பட்டது என்று அருகிலே சென்று பார்ப்பதுதான் பயனுள்ள காரியம்.

தொடக்கத்தில், பெரு நாட்டுக் குகை ஒன்றில் பொற்சிலையை எடுத்துக்கொண்டு வீரன் ஓட, அவனைத் துரத்திக்கொண்டு குகையளவு பெரிய பாறை உருண்டு வருகிறதே, அது இருபத்திரண்டு அடி விட்டத்தில் கண்ணாடி இழையால் செய்த பாறை. உண்மைக் கல் அல்ல என்றாலும், மேலே ஏறினால் எலும்பை நொறுக்கும் கனம் உள்ளதே. அதன் முன்னால் ஓடியவர் ஃபோர்டேதான். வெவ்வேறு கோணங்களுக்காகப் பத்து முறை ஓடினார். அந்தப் பாறைக்கு ஒலி கொடுக்கவேண்டிய பென் பர்ட், மலையில் உண்மையான கற்களை உருட்டிப் பார்த்தும் திருப்தியடையாமல் இருந்தபோது, எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரளைக்கல் பாதையில் இறக்கத்தில் தானாக உருள விட்ட ஒரு ஹோண்டா காரின் சக்கரங்களுக்கு அடியில் அந்த ஓசையைக் கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெளியும் வழுவழுப்பான சத்தம், பாலாடைக்கட்டி போட்டுச் சமைத்த பதார்த்தத்துக்குள் விரல்களைவிட்டுப் பிசைந்து எடுத்தது. வீரன் தேடிச் செல்லும் தெய்வீகப் பேழையின் மூடி நகரும்போது நம் நெஞ்சைக் கனக்கச் செய்யும் அந்தக் கரகரப்பு, கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் பீங்கான் மூடியை நகர்த்திப் பதிவு செய்தது. கேட்கும்போது வேடிக்கையாகத் தோன்றினாலும், எந்தப் பொருளின் குரல் எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று மாதக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்த ஒரு கலைஞனின் தவம் இது.

பாலைவனத்தில் ஓடும் லாரிக்கு அடியில் வீரன் சறுக்கிச் சென்று, பின்புறம் சாட்டையைப் பற்றி இழுபட்டு, மறுபடி மேலே ஏறும் காட்சியும் அவ்வாறே. 1939 இல் ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில், பாய்ந்து வரும் குதிரைகளுக்கும் வண்டிக்கும் அடியில் யக்கீமா கனூட் என்ற சாகசக் கலைஞர் செய்து காட்டிய வித்தைக்கு, டெரி லெனார்ட் என்ற பிற்காலத்துச் சாகசக் கலைஞர் செலுத்திய அஞ்சலி அது. லாரிக்கு அடியில் உடல் நுழைய இடம் போதாமையால் பாதையின் நடுவே பள்ளம் தோண்டினார்கள். வேறு மாயம் ஒன்றும் இல்லை. ஒரு மனித உடல் மெய்யாகவே மண்ணில் இழுபடுகிறது என்பதை நம் கண் அறிந்துகொள்கிறது. அறிந்துகொள்வதனாலேயே நம் கை நாற்காலியை இறுகப் பற்றுகிறது.

ட்யூனிசியாவின் வெயிலில், வயிற்றுக்கடுப்பினால் வாடியிருந்த ஃபோர்ட், கடைவீதியில் பெரிய வாளைச் சுழற்றி வரும் முரடனோடு நெடுநேரம் சண்டையிடும் காட்சியை எடுக்கத் திராணியற்றிருந்தார். சண்டைக்குப் பதிலாகத் துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுட்டு முடித்துவிட்ட அந்தக் காட்சி, உலகெங்கும் அரங்குகளைச் சிரிப்பில் ஆழ்த்தியது. அந்தச் சிரிப்புக்குக் காரணம் வீரனின் பலம் அல்ல, களைப்பு. இண்டியானா ஜோன்ஸின் விசேஷமே அதில்தான் இருக்கிறது. அவன் அடிபடுகிறான், வலியால் முனகுகிறான், பாம்பைக் கண்டு நடுங்குகிறான், தவறான இடத்தில் குதிக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, எதைத் தேடிப் போகிறானோ அது அவன் கையில் தங்குவதில்லை. பொற்சிலையைப் போட்டிக்காரன் பறித்துக்கொள்கிறான். பேழை அரசாங்கக் கிடங்கில் ஆயிரம் மரப்பெட்டிகளோடு ஒரு பெட்டியாய் மறைகிறது. ஏசுநாதர் பருகிய கிண்ணம் பாதாளப் பிளவில் விழுகிறது. அவன் வீட்டிலேயே இருந்திருந்தாலும் பேழையைத் திறந்த நாஜிகள் மாண்டுதானே போயிருப்பார்கள் என்று சிலர் ஒரு வாதத்தை எழுப்புவதுண்டு. வாஸ்தவம், ஆனால் அது கதையின் ஓட்டை என்று நான் கருதவில்லை. மனித சாமர்த்தியத்துக்கு மேற்பட்ட ஒன்றின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பணியத் தெரிந்தவனே பிழைப்பான் என்பதைத்தான் அந்தப் படம் ஆரம்பமுதல் சொல்லி வருகிறது.

1984 இல் வந்த ‘டெம்பிள் ஆஃப் டூம்’ நம்மைப் பொறுத்தவரை தனியாகப் பேசவேண்டிய படம். கதை 1935 ஆம் ஆண்டு இந்தியாவில் நிகழ்கிறது. திரைக்கதையைப் படித்த இந்திய அரசு அதிகாரிகள் ஆட்சேபித்து, மாற்றங்கள் வேண்டுமென்றும், இறுதி வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் அதிகாரம் வேண்டுமென்றும் கேட்கவே, படக்குழு இலங்கைக்குச் சென்றது. கண்டிக்கு அருகே ஹந்தானை தேயிலைத் தோட்டப் பகுதியில் வறண்ட கிராமம் ஒன்றை எழுப்பினார்கள். மகாவலி கங்கையின் குறுக்கே விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களின் உதவியோடு, பள்ளத்தாக்கின்மேல் அந்தப் பிரசித்தி பெற்ற கயிற்றுப் பாலத்தைத் தொங்கவிட்டார்கள். கிராமத்துப் பெரியவராக நடித்தவர் சிங்கள சினிமாவின் மூத்த நடிகர் டி. ஆர். நாணயக்கார. ஆங்கிலம் அறியாத அவருக்கு, காமிராவுக்குப் பின்னாலிருந்து ஸ்பீல்பெர்க் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக் கொடுக்க, அவர் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொன்னார். காட்சியில் அவர் பேச்சுக்கிடையே விழும் இடைவெளிகள், துயரத்தால் தொண்டை அடைத்த முதியவரின் தயக்கமாகவே நமக்குப் படுகின்றன.

வில்லன் மோலா ராமாக வந்தவர் அம்ரிஷ் பூரி; பின்னர் ‘தளபதி’யிலும் ‘பாபா’விலும் தமிழ் ரசிகர்கள் கண்டு மிரண்ட அதே மனிதர். மொட்டையடித்த தலையும், அந்தக் கண்களும், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலும் கொண்டு அவர் அந்தப் பாத்திரத்தை அழியாததாக்கினார். ஆனால் நடிப்பின் சிறப்பு படத்தின் பிழையை மறைக்காது. காளி வழிபாட்டை நரபலிக் கூத்தாகவும், இந்திய அரண்மனை விருந்தைக் குரங்கு மூளையும் உயிருள்ள பாம்புக் குட்டிகளும் பரிமாறும் அருவருப்பாகவும் காட்டியதை எந்தச் சமாதானத்தாலும் ஏற்க முடியாது. 1939 இன் ‘கங்கா தின்’ போன்ற ஏகாதிபத்திய காலத்துப் படங்களின் விளையாட்டுத்தனத்தை அப்படியே கடன் வாங்கியவர்கள், அதனோடு சேர்ந்து அதன் அறியாமையையும் வாங்கிக்கொண்டார்கள். இந்தியாவில் படம் சில காலம் தடைப்பட்டதில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவிலேயே, அதன் கொடூரத்தைக் கண்ட பெற்றோர் கொதித்தெழுந்ததன் விளைவாக, பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தணிக்கைப் பிரிவு ஒன்று அவ்வாண்டு ஜூலை மாதமே ஏற்பட்டது.

இத்தனை குறைகளோடும், அந்தப் படத்தில் ஒரு நியாயம் பொதிந்திருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. மற்றப் படங்களில் ‘இது அருங்காட்சியகத்தில் இருக்கவேண்டிய பொருள்’ என்று முழங்கும் வீரன், இதில் மட்டும், களவுபோன சிவலிங்கக் கல்லைத் தேடி எடுத்து, எந்த ஊருடையதோ அந்த ஊர்க்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதே எண்பதுகளில், அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் பூமியிலிருந்து எடுக்கப்பட்டுக் கடல் கடந்து கடத்தப்பட்ட நடராஜர் திருமேனிக்காக, லண்டன் நீதிமன்றத்தில் மெய்யான வழக்கு நடந்துகொண்டிருந்தது. சிதிலமடைந்த அந்தக் கோயிலின் சிவலிங்கமே வழக்காடிகளுள் ஒருவராக நின்று, 1991 இல் நடராஜர் நாடு திரும்பினார். ஒரு தெய்வச் சிலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு, அருங்காட்சியகத்துக்கு என்று கூசாமல் பதில் சொல்லும் காலம் போய்விட்டது. தோண்டும் மண்ணின் அடுக்குகளைக் குறிப்பெடுக்காமல், சுவரை இடித்துப் பொருளைப் பிடுங்கி ஓடும் ஜோன்ஸை எந்தத் தொல்லியலாரும் தம் மாணவனுக்கு உதாரணமாகக் காட்டமாட்டார்.

1989 இல் வந்த ‘லாஸ்ட் குருசேட்’ எனக்கு மிகவும் பிரியமான படம். வீரனின் தந்தையாக, முதல் ஜேம்ஸ் பாண்டான ஷான் கானரியையே அழைத்துவந்தார்கள். பாண்ட் படம் எடுக்க ஆசைப்பட்ட ஸ்பீல்பெர்க்கின் மனோரதம் இப்படி வேறு வழியில் நிறைவேறிற்று. கானரி ஃபோர்டைவிடப் பன்னிரண்டு வயதே மூத்தவர் என்றால் நம்ப முடியாது. மகனை ‘ஜூனியர்’ என்று அழைக்கும் அந்த ஒரு தொனியிலேயே, நாற்பது ஆண்டுகால அலட்சியத்தையும் உள்ளே மறைந்த பாசத்தையும் அவர் காட்டிவிடுகிறார். நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்ட் திரையில் பெயர் வராமலே வசனத்தைச் செப்பனிட்டார். ஜோர்டான் நாட்டில் பாறையைக் குடைந்து செதுக்கிய பெட்ராவின் முகப்பு, இப்படத்துக்குப் பிறகே உலகத்துச் சாமானிய ஜனங்களுக்கும் பரிச்சயமாயிற்று.

இடையில் வந்த தொலைக்காட்சித் தொடரில், சிறுவன் ஜோன்ஸ் காசியில் இளம் ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சந்திக்கும் அத்தியாயம் ஒன்றுண்டு; சென்னை அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தார் கண்டெடுத்த அதே கிருஷ்ணமூர்த்திதான். பத்தொன்பது வருஷ இடைவெளிக்குப் பின் 2008 இல் வெளிவந்த ‘கிரிஸ்டல் ஸ்கல்’ படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது நம்பியிருந்த பளிங்கு மண்டையோடுகளைப் பிரிட்டிஷ் மியூசியம் ஆராய்ந்து, பண்டைய அமெரிக்கர் அறியாத சுழல் சக்கரத்தால் பிற்காலத்தில் கடையப்பட்டவை என்று அதே ஆண்டு வெளியிட்டது.

லூகாஸின் நிறுவனத்தை டிஸ்னி 2012 இல் வாங்கிய பிறகு, ஜேம்ஸ் மேங்கோல்ட் இயக்கத்தில் 2023 இல் ‘டயல் ஆஃப் டெஸ்டினி’ வந்தது. ஃபோர்டுக்கு அப்போது எண்பது வயது. ஆரம்பக் காட்சிகளில், 1944 ஆம் ஆண்டு நாஜி ரயிலின்மேல் ஓடும் ஜோன்ஸுக்காக, கம்ப்யூட்டர் யுக்தியால் அவருடைய இளமை முகத்தை மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள். முகம் அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் அந்த ரயிலிலிருந்து அவன் விழுந்துவிடுவானோ என்ற பயம் நமக்கு ஒரு கணமும் வருவதில்லை. 1969 க்குக் கதை நகர்ந்து, நியூயார்க் குடியிருப்பு ஒன்றில் சட்டையில்லாமல், தளர்ந்த தோளும் சுருங்கிய தோலுமாக அந்தக் கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறாரே, அப்போதுதான் படத்துக்கு உயிர் வருகிறது. முப்பது கோடி டாலரை நெருங்கிய செலவில் எடுத்த இப்படம் நஷ்டம் என்றே கணக்கிடப்பட்டது. ஏறக்குறைய இரண்டு கோடி டாலரில், 73 நாட்களில் எடுத்து முடித்த முதற்படத்தின் பள்ளம் தோண்டிய பாதையை, இத்தனை பணத்தாலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.